பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்

என் படிப்பின் கடைசி வேலை ஒரு ஆவணப்படம். 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, லண்டனுக்குள்ளேயே எடுக்கவேண்டும், படத்துக்கென்று ஒரு கேள்வி இருக்கவேண்டும். விதி இவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஸ்கேட்போட், சக்கரம் பூட்டிய பலகையில் ஏறி நின்று ஓடுகிற விளையாட்டு. அதை ஓடுகிறவர்களைவிட, அவர்களைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள், நின்று ரசிக்கிறவர்கள், பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் மேல்தான் எனக்கு அக்கறை. சில மாதங்களாக வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை. படப்பிடிப்பு இன்னும் பாதியில்தான் இருக்கிறது. என்றாலும் ஒரு யோசனை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படமாகத் திரள்கிறது என்பதை இப்போதே எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். எல்லாம் முடிந்தபிறகு எழுதினால் முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டு நடந்ததுபோல ஆகிவிடும்.

லண்டனில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்த விஷயம் வீட்டுக்குள்ளேயே தொடங்கியிருக்கும். என் தம்பி பதினாலு வயதில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அம்மா கேட்ட கேள்வியும் சொன்ன தீர்ப்பும் ஒரே மூச்சில் வந்தன: "உதென்னடா? உந்தப் பலகையோட திரியிறதுகள் எல்லாம் காவாலியள். கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தா நான் ஆஸ்பத்திரிக்கு அலையமாட்டன், சொல்லிப்போட்டன்." அம்மா அதுவரை பலகை ஓடுகிற ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைத்தது கிடையாது. கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவால் போகும்போது கண்டதுதான். பிறகு எங்கிருந்து வந்தது அந்த முடிவு? அம்மா வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஸ்கேட்போட் இருக்கவில்லை. ஆனால் சந்தியில் நிற்கிற பெடியன்கள் இருந்தார்கள். வேலைவெட்டி இல்லாமல், மதிலில் ஏறியிருந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு. அம்மாவின் கண்ணில் பட்டது பலகை இல்லை, அந்தச் சந்திதான். இதை நான் கண்டுபிடிக்கப் பல வருடம் எடுத்தது. என் படத்தின் விதையும் இதுதான்: மனிதர்கள் ஸ்கேட்போடைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பதில்லை, அது ஓடுகிற இடத்தைப் பற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு பக்கத்தில் முன்மொழிவு எழுதி விரிவுரையாளரிடம் கொடுத்தேன். "ஸ்கேட்போட் பற்றிப் பொதுமக்களிடம் இருக்கிற தவறான எண்ணத்தை மாற்றும் படம்" என்பது அதன் முதல் வரி. அவர் இரண்டு இடத்தில் கோடு போட்டார். "பொதுமக்கள்" என்ற இடத்தில் ஒன்று: யார் இவர்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள்? "மாற்றும்" என்ற இடத்தில் இன்னொன்று: விடை முன்கூட்டியே தெரிந்த படத்தை எதற்காக எடுக்கிறீர்கள்? இந்த இரண்டு கேள்வியும் எனக்கு ஒரு தவணை முழுக்க வேலை தந்தன.

மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி "ஸ்கேட்போட் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஆள் மாறினாலும் பதில் மாறாது. "நல்லதுதானே, பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி." கமராவுக்கு முன்னால் அடுத்தவர் பிள்ளையை யாரும் ஏசமாட்டார்கள், இங்கிலாந்தில் சொல்லவே வேண்டாம். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஆகவே பலகை ஓடுகிற இடத்துக்கே போய், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் வேறொரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: "அந்தப் பெடியன் இப்போது என்ன செய்யப் பார்க்கிறான்?" அபிப்பிராயம் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்.

இந்தச் சின்ன மாற்றம் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. கடைச்சாமான் பையோடு நின்ற வயதான ஒருவர் முதலில், "குதிக்கிறான், வேறென்ன?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அந்தப் பெடியன் திரும்பத் திரும்ப ஒரே வித்தையையே முயன்றான். கொஞ்ச நேரத்தில் அவர் தானாகவே தொடங்கினார். "இல்லை, குதிக்கிறது மட்டும் இல்லை. பலகை அவன் காலுக்குக் கீழே ஒருமுறை புரளவேண்டும். முன்காலால் ஓரத்தைச் சுண்டிவிடுகிறான், பாருங்கள். புரளுது. ஆனால் பின்கால் பிந்தி வருது." அடுத்த முயற்சியில் பலகை புரண்டு, கால் இரண்டும் அதில் வந்து பொருந்தியபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததே, அது மைக்கில் இருக்கிறது. மனிதர் வந்து நின்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேட்போட் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய பார்வை மாறுவதை முகத்தில் அப்படியே பார்க்க முடிந்தது. அன்றைக்கு நான் படத்தின் தலைப்பை மாற்றினேன்.

அது நடந்த இடம் சவுத்பேங்க். வோட்டர்லூ ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். தேம்ஸ் கரையில் குவீன் எலிசபெத் ஹோல் என்ற இசைமண்டபம் இருக்கிறது, 1967இல் திறந்தார்கள். சாந்து பூசி மறைக்காமல் கொங்கிரீட்டை அப்படியே விட்ட கட்டடம். மண்டபத்தை மேலே உயர்த்திக் கட்டியதால் கீழே ஒரு வெளி கிடைத்தது: காளான்போல விரிகிற தூண்கள், சரிவான கரைகள், தாழ்ந்த கூரை, மழை படாத தரை. இன்ன தேவைக்கு என்று அந்த வெளியை யாரும் ஒதுக்கியிருக்கவில்லை. 1973 அளவில் பலகைகளோடு வந்த பிள்ளைகள் அந்தச் சரிவுகளைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்காவில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி என்பவர் யூரிதேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் செய்த சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்தவை களிமண் கலவைச் சக்கரங்களும் உலோகச் சக்கரங்களும். ஒரு சின்னக் கல் தடுக்கினாலே ஆளைத் தூக்கி எறிந்துவிடும். சக்கரம் தரையைப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் கொங்கிரீட் சரிவு விளையாடுகிற இடமானது. கலிபோர்னியாவில் கடல் அலையில் சறுக்கி விளையாடியவர்கள் அதே சறுக்கலைக் கொங்கிரீட்டில் தேடியதில் பிறந்த விளையாட்டு, வருடம் முழுக்க மழை பெய்கிற ஒரு நகரத்தில், கூரைக்குக் கீழே வந்து குடியேறியது இப்படித்தான்.

2013இல் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. மண்டபத்தை நடத்துகிற சவுத்பேங்க் சென்டர் அதைப் புதுப்பித்து விரிவாக்க ஒரு பெரிய திட்டம் போட்டது. அதற்கான பணத்தின் ஒரு பங்கைக் கடைகளும் உணவகங்களும் ஈட்டித்தரவேண்டும், அந்தக் கடைகள் வரவேண்டியது இந்த அடித்தளத்தில். பலகைக்காரர்களுக்கு ஹங்கர்ஃபோர்ட் பாலத்துக்குக் கீழே மாற்று இடம் கட்டித்தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 'லோங் லிவ் சவுத்பேங்க்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, அந்த இடத்திலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பகுதிக்குரிய லம்பெத் நகரசபைக்கு 27,000க்கு மேற்பட்ட ஆட்சேபனைக் கடிதங்கள் போயின. பக்கத்திலிருக்கிற தேசிய நாடக அரங்கும் திட்டத்தை எதிர்த்தது. அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜோன்சன் 2014 ஜனவரியில் பலகைக்காரர்கள் பக்கம் நின்றார். அதே வருடம் செப்டெம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன: அந்த இடம் பலகைக்கே. பிறகு பொதுமக்களிடம் நிதி திரட்டி, முன்பு மூடிவைத்திருந்த ஒரு பகுதியையும் மீட்டு 2019இல் திறந்தார்கள்.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மேசைதான். நாற்பது வருடமாக அந்தப் பக்கத்தால் நடந்துபோனவர்களுக்கு, நின்று கதைக்க ஒரு காரணம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனையோ பேர் வாழ்நாளில் பலகையில் கால் வைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் காப்பாற்றியது ஒரு விளையாட்டையா, ஒரு காட்சியையா, காசு கேட்காத ஒரு மூலையையா? இதற்குப் பதில் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி.

இப்போது அந்த அடித்தளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. சனி ஞாயிறுகளில் அதில் சாய்ந்துகொண்டு எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் நதி, முன்னால் வண்ண எழுத்துக் கிறுக்கிய சுவர்கள். நான் கமராவைத் தடுப்புக்கு உள்ளே வைத்து, வெளியே நிற்கிறவர்களைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். பலகைக்காரர்களுக்கு முதலில் இது புதினமாக இருந்தது. "எங்களை எடுக்கவில்லையா?" என்றார்கள். விளக்கிச் சொன்னபிறகு ஒருவன், "அவர்கள் என்ன முகத்தோடு நிற்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை" என்றான். உண்மைதான். வித்தை செய்கிறவனுக்குத் தரையும் பலகையும்தான் தெரியும்.

அங்கே நின்றுதான் இரண்டு கைதட்டல் இருப்பதைக் கண்டேன். தடுப்புக்கு வெளியே நிற்கிறவர்கள் கையைத் தட்டுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் பலகையை நிமிர்த்திப் பிடித்து அதன் வாலைத் தரையில் டக் டக்கென்று அடிப்பார்கள்; அவர்கள் பாராட்டுகிற முறை அது. இந்த இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் வருவது குறைவு. உயரத்திலிருந்து வேகமாகப் பாய்ந்தால் வெளியே கை தட்டுகிறது, உள்ளே அமைதி. யாரோ ஒரு மூலையில், அரை அடி உயரத் திட்டில், நாள் முழுக்க முயன்ற ஒன்றைச் சரியாக இறக்கினால் உள்ளே பலகைகள் எல்லாம் தரையில் இடிபடும். வெளியே நிற்கிறவர் என்ன நடந்தது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். பார்வைக்கும் விளக்கத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் துல்லியமாக எந்தப் பேட்டியும் எனக்குச் சொல்லப்போவதில்லை. இதற்காக இரண்டு மைக் வைத்து எடுக்கிறேன், ஒன்று உள்ளே, ஒன்று கம்பியில்.

மூன்றாவது ஒரு கைதட்டலும் உண்டு, அது என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. ஒரு பெடியன் விழுந்தால் வெளியே "ஊ" என்று ஒரு சத்தம் வரும், சிலர் சிரிப்பார்கள். ஒரு பெண் விழுந்தால் கை தட்டுகிறார்கள். ஆறுதலாக, ஊக்கம் கொடுக்கிற மாதிரி. அங்கே கிழமைதோறும் வருகிற ஒரு பெண்ணிடம் இதைப்பற்றிக் கேட்டேன். "நான் செய்து முடித்ததுக்குத் தட்டட்டும். விழுந்ததுக்கு ஏன் தட்டுகிறார்கள்?" என்றாள். தட்டியவர்களிடமும் கேட்கவேண்டும். அவர்கள் அன்போடுதான் தட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அன்பு போய்ச்சேர்ந்த விதத்தை இருவருக்கும் காட்டுகிற ஒரு காட்சி படத்தில் வரவேண்டும்.

இனி அடுத்த இடம். சவுத்பேங்கில் பார்த்த அதே பெடியனை, அதே பலகையோடு, நதிக்கரையில் கொஞ்சத் தூரம் தள்ளியிருக்கிற ஒரு அலுவலகக் கட்டடத் தொகுதிக்கு அழைத்துப் போனேன். பளிங்குபோல வழவழத்த கருங்கல் தரை, நீளமான கல் இருக்கைகள். பார்க்கப் பொது இடம், உண்மையில் தனியார் காணி. அந்த இருக்கைகளின் விளிம்பில் இரண்டு அடிக்கு ஒரு உலோகக் குமிழ் பதித்திருப்பார்கள். நீங்கள் லண்டனில் இருந்தால் அடுத்த தடவை பாருங்கள். அலங்காரம் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். பலகையின் அச்சை விளிம்பில் உரசிக்கொண்டு போகாமல் தடுக்கத்தான் அது. கல்லுக்குள் துளைபோட்டு இறுக்கிய ஒரு பொது அபிப்பிராயம் என்று அதைச் சொல்வேன். அதைப் பேட்டி எடுக்கமுடியாது, ஆனால் கிட்டப் போய்ப் படம் எடுக்கலாம். குமிழைச் சுற்றிக் கல் வெடித்திருக்கிற இடங்களும் உண்டு, யாரோ இரவில் வந்து கிளப்பப் பார்த்த தடயம்.

அங்கே அவன் பலகையைக் கீழே வைத்ததும் பாதுகாப்பு ஊழியர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அவன் பலகையைக் கையில் எடுத்தான். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, கமராவைத் தாங்குகிற முக்காலியான ட்ரைபொட்டையும் மடிக்கச் சொன்னார். அனுமதி இல்லாமல் அங்கே அதை ஊன்றக்கூடாதாம். ஒரே விதி இரண்டு பேருக்கும். அந்த இடத்தில் நடக்கலாம், இருக்கலாம், வாங்கிய சாப்பாட்டைச் சாப்பிடலாம். வேறு ஏதாவது செய்யத் தொடங்கினால் கேள்வி வரும். அந்த ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன், அவருடைய வேலை அது. சுற்றி நின்றவர்கள் முகத்தை மட்டும் கவனித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த அலுவலகக்காரர்கள். அரை மணி நடந்தால் வருகிற அந்தக் கம்பித் தடுப்பில் இவர்களில் யாராவது சாய்ந்து நின்று கை தட்டியிருக்கக்கூடும். இங்கே பலகையின் சத்தம் கேட்டவுடன் அவர்களுடைய கண் பெடியனிடம் போகவில்லை, பாதுகாப்பு ஊழியர் எங்கே என்று தேடியது. ஒரே ஆள், ஒரே வித்தை, ஒரே நகரம். இந்த இரண்டு முகத்தையும் அடுத்தடுத்து வைத்தால் என் படம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும்.

குறை சொல்கிறவர்களுக்கு நியாயம் இல்லை என்று நான் எழுதினால் அது பொய். கல் விளிம்பில் உரசுவதற்காக மெழுகு பூசுகிறார்கள், அது கறுத்துப்போகும். அலுமினிய அச்சு பட்டுப்பட்டு விளிம்பு தேய்ந்து உடையும். திருத்துவதற்குப் பணம் வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் சத்தம். தெருவில் வித்தை செய்கிறவர்கள் கல்மாதிரி இறுகிய சக்கரம் பாவிக்கிறார்கள், மென்மையான சக்கரத்தில் பலகை வழுக்கவேண்டிய இடத்தில் வழுக்காது. அந்த இறுகிய சக்கரம் நடைபாதைக் கல்லின் ஒவ்வொரு இடைவெளியிலும் கடகடவென்று அடித்துக்கொண்டு வரும். ஊன்றுகோலோடு நடக்கிற ஒரு அம்மாவிடம் கதைத்தபோது அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது: "அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் சத்தம் பின்னாலிருந்து வருகிறது. எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. நான் எந்தப் பக்கம் ஒதுங்குவது?" இதில் எந்தத் தவறான எண்ணமும் இல்லை, மாற்றுவதற்கு. அவருடைய காதால்தான் இந்தப் படம் தொடங்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். முதல் மூன்று நிமிடம் பலகையே திரையில் வராது. முகங்களும் சத்தமும் மட்டும். படம் பார்க்கிறவர் முதலில் அந்த அம்மாவின் நிலையில் இருக்கட்டும்.

கமரா பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேட்போட்காரர்களுக்கென்று ஒரு பெரிய வீடியோ மரபு இருக்கிறது. 1995இல் சோனி வெளியிட்ட விஎக்ஸ்1000 என்ற கமராவும் அதன் முன்னால் பூட்டுகிற மீன்கண் லென்ஸும் அதன் அடையாளம். கமரா பிடிக்கிறவரும் ஒரு பலகையில் ஏறி, தரையோடு தரையாகக் கையை இறக்கி, ஓடுகிறவர் பக்கத்திலேயே ஓடிப் படம் எடுப்பார். அந்த உடலுழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த லென்ஸ் முன்னால் இருப்பதைப் பெருப்பித்து, பின்னால் இருப்பதைத் தூரத்துக்குத் தள்ளிவிடும். சுற்றி நிற்கிற மக்கள் எறும்பளவில் தெரிவார்கள். சத்தம் போட்டு விரட்ட வருகிறவர் மட்டும்தான் கிட்ட வந்து முகம் காட்டுவார். மறுபக்கம், பொதுமக்கள் தங்கள் கைபேசியில் எடுத்துப் பகிர்வது பெரும்பாலும் விழுகிற காட்சிகளை. இரண்டு பக்கமும் மற்றவரை முழு ஆளாகப் படம் எடுத்தது குறைவு. நான் நீளமான லென்ஸைப் போட்டு, ட்ரைபொட்டில் அசையாமல் வைத்து, முகத்தை மட்டும் எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

"நீ ஏன் மாமல்லபுரம் போகக்கூடாது?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கமலி மூர்த்தி என்ற சிறுமி, சட்டையும் வெறுங்காலுமாக அங்கே பலகையில் இறங்குகிற படம் உலகமெல்லாம் சுற்றியது. அவளையும் தாயையும் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா என்ற பிரித்தானியத் திரைப்பட விருதுக்குப் பரிந்துரையானது. அதே பிரிவில் அந்த வருடம் வென்ற படமும் ஸ்கேட்போட் பற்றியதுதான், காபூலில் பலகை பழகுகிற பெண்பிள்ளைகளைப் பற்றியது. ஒரே பட்டியலில் இப்படி இரண்டு. பலகையில் ஏறுகிற ஒரு பெண்பிள்ளைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பதை உலகம் கண்டுகொண்டுவிட்டது, நல்ல விஷயம். நான் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நான் இருக்கிற நகரத்தில், அந்தப் பிள்ளையைப் பார்த்து அழுகிற ஒருவர் தன் வீட்டு வாசலில் சக்கரச் சத்தம் கேட்டவுடன் நகரசபைக்கு எழுதுகிறாரே, எனக்கு அவரைத்தான் தெரியவேண்டும்.

அம்மாவின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக், கொரோனாவால் ஒரு வருடம் பிந்தி 2021இல் நடந்தது. ஸ்கேட்போட் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஒலிம்பிக் அது. பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு 13 வயது, வெள்ளி வென்ற பிரேசிலின் றைஸ்ஸா லியாலுக்கும் 13. வெண்கலம் வென்ற ஃபூனா நகயாமாவுக்கு 16. மூன்று பிள்ளைகளும் மேடையில் நிற்பதை அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தார். "பதின்மூண்டு வயசோ? ஆர் பெத்த பிள்ளையோ, கெட்டித்தனம்!" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தான். பலகை அதே பலகைதான். தெருவில் கண்ட கைப்பிடியையும் படிக்கட்டையும்தான் அங்கேயும் கட்டிவைத்திருந்தார்கள். கொடியும் மேடையும் வந்தவுடன் சந்தி காணாமல்போனது. ஜப்பானிலும் தெருவில் ஓடுகிறவர்களுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை, ஓடாதே என்ற அறிவித்தல்கள் அங்கே ஏராளம். மேடைக்கு வந்தவுடன் தேசமே கொண்டாடியது.

அபிப்பிராயம் சட்டமாகிற இடங்களையும் தேடிப் படித்தேன். நோர்வே 1978இலிருந்து 1989வரை ஸ்கேட்போடையே தடை செய்திருந்தது. காயம் படும் என்பது காரணம். பிள்ளைகள் காட்டுக்குள் மறைவாகச் சரிவுமேடை கட்டி ஓடினார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு முழுத் தடை வந்ததில்லை. ஆனால் 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பொது இடங்களில் இன்னதைச் செய்யக்கூடாது என்று உள்ளூராட்சி சபைகள் ஆணை போட வழிசெய்தது. சில ஊர்கள் அதைப் பலகைக்கும் பாவித்தன. அதே 2014இல்தான் சவுத்பேங்க் காப்பாற்றப்பட்டது. அதே 2014இல்தான் ஹோர்ன்சேர்ச்சில் பலகை ஓடுவதற்கென்றே 1978இல் கட்டிய ரொம் ஸ்கேட்பார்க், பாதுகாக்கப்படவேண்டிய கட்டுமானங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐரோப்பாவில் அப்படிச் சேர்ந்த முதல் ஸ்கேட்பார்க். நான் வளர்ந்த கிழக்கு லண்டனிலிருந்து எட்டிப்போகிற தூரம். ஒரே நாடு, ஒரே வருடம்: ஒரு கையில் தொல்சின்னப் பட்டியல், மறு கையில் தடை ஆணை.

படத்தில் இடமில்லாவிட்டாலும் என்னோடு கூடவே வருகிற ஒரு ஆள் இருக்கிறார், எட்மண்ட் பேக்கன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தைத் திட்டமிட்டவர். அங்கே லவ் பார்க் என்று ஒரு கல்முற்றம் இருந்தது, 1930களில் அவர் மாணவனாக இருந்தபோதே வரைந்த யோசனையிலிருந்து பிறந்தது. அது உலகத்துப் பலகைக்காரர்களின் தலைநகர்போல ஆனது. 2002இல் நகரசபை அங்கே ஓடுவதை இறுக்கித் தடுத்தது. அப்போது பேக்கனுக்கு 92 வயது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடிக்க, தடையை மீறி அந்த முற்றத்தில் ஒரு பலகையில் ஏறி ஓடினார். தான் நினைத்தே பார்க்காத ஒன்றை வேறொரு தலைமுறை தன் முற்றத்தில் செய்வதைப் பார்த்து, அதற்காகத் தெருவுக்கு வந்த மனிதர். முற்றம் தப்பவில்லை, 2016இல் இடித்துத் திருத்தினார்கள். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவரைவிட யார் வேண்டும்?

மற்றபடி வேலை எல்லாம் வழமையானதுதான். சவுத்பேங்க் சென்டரிடம் எழுத்தில் அனுமதி. பதினெட்டு வயதுக்குக் கீழே யார் முகம் வந்தாலும் பெற்றோரின் ஒப்புதல். ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது: முகத்தை எடுத்தபிறகுதான் அனுமதி கேட்கமுடியும், முன்னமே கேட்டால் முகம் மாறிவிடும். ஆகவே எடுத்தவுடன் போய், கமராத் திரையில் அவர்களுடைய காட்சியைக் காட்டிக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழிக்கிறேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. தங்கள் முகம் அப்படி மலர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதவர்கள்போல, பலர் இன்னொருதரம் போட்டுக்காட்டச் சொல்கிறார்கள்.

இப்போது என்னிடம் இல்லாதது எதிர்ப்பாளர்கள். ரசிக்கிறவர்கள் தாங்களாகவே வந்து கதைக்கிறார்கள். உண்மையாகவே கோபப்படுகிறவர்கள், ஒரு மாணவி மைக்கோடு வந்து நின்றால் பலகைக்காரர்களின் ஆள் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஊன்றுகோல் அம்மா ஒருவரின் குரலை மட்டும் நம்பி நான் படத்தை முடிக்க விரும்பவில்லை. இரவுக் காவலில் இருக்கிறவர், கல் திருத்துகிற மேசன், பலகை மோதிக் காயப்பட்டவர், இரவெல்லாம் சக்கரச் சத்தம் கேட்கிற மாடிவீட்டுக்காரர், இவர்களோடு இருந்து ஆறுதலாகக் கதைக்கவேண்டும். உங்களில் யாராவது லண்டனில் இருந்து, உங்களுக்கு இந்தப் பலகை பிடிக்காது என்றால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். தமிழிலேயே கதைக்கலாம். உங்களை மாற்ற நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், நீங்கள் கேட்கிற சத்தத்தை உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே பதிவுசெய்ய மட்டும் விடுங்கள். படத்தொகுப்பு ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறது, அதற்கு முன் வந்தால் நல்லது.